ரப்பர் பம்பருக்கு பெயிண்ட் அடிக்கும் முன்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. அம்பாசடர் பம்பர் இரும்பு. தட்டி நிமிர்த்தி முலாம் பூசலாம். 1974-ல் அமெரிக்க மோதல் விதிக்காக எம்.ஜி.பி. காருக்கு வந்த ‘ரப்பர்’ பம்பரோ உண்மையில் பாலியூரித்தேன். பின்னாளில் வந்த கார்கள் பலவற்றில் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்.

எது என்று எப்படித் தெரியும்? பம்பரின் உட்புறம் ‘பியுஆர்’, ‘பிபி’ என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். பாலிபுரோப்பிலீன் விரிசலை அதே பிளாஸ்டிக் குச்சியால் சூடுவைத்து ஒட்டலாம். பாலியூரித்தேனுக்கு வளைந்துகொடுக்கும் பட்டி வேண்டும். இரும்புக்குப் போடும் சாதாரண பட்டி, பம்பர் வளையும்போது வெடித்துவிடும்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் சோல் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மற்றது புரியும். அழுக்கு, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, வழவழப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிரைமர் தடவிக் காயவிட்ட பிறகுதான் பசை. பம்பருக்கும் அதே வரிசைதான். கடையில் ‘பிளாஸ்டிக் பிரைமர்’, பெயிண்டில் கலக்க ‘ஃப்ளெக்ஸ் அடிட்டிவ்’ என்று கேட்டு வாங்குங்கள். பிரைமர் இல்லாத பெயிண்ட் சீக்கிரமே உரிந்து வரும்.

ஒரு வேண்டுகோள். இந்த வேலையை அடித்தளப் பார்க்கிங்கில் செய்யாதீர்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கும், ஒரு பொறி போதும். ஹார்டனர் கலந்த பெயிண்டின் புகை நுரையீரலைப் பாதிக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஸ்ப்ரே வேலையைப் பட்டறையிலேயே கொடுங்கள். மேலே குழந்தைகள் தூங்குகிறார்கள்.