ஜூலை 31 தாண்டினால்

"சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்?" என்று பலர் கேட்பதுண்டு.

பிடித்த வரி சரியா, கூடுதலா, குறைவா என்று கணக்குச் சொல்வதுதான் ரிட்டர்ன். கூடுதலாகப் பிடித்திருந்தால், தாக்கல் செய்தால்தான் பணம் திரும்பி வரும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். ஆனால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி வேறு. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டிதான். பங்குச் சந்தையில் விட்ட நஷ்டத்தை வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும்.

இன்னொன்று. ரிட்டர்னை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் அதைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும்.

ஆகஸ்ட் முதல் தேதி ஒருவர் ஆடிட்டரிடம் ஓடினார்.

"ஒரு நாள்தானே சார் தாமதம்... என்ன பெரிய வித்தியாசம்?"

ஆடிட்டர் சொன்னார்: "நேற்று வந்திருந்தால் எனக்கு மட்டும் ஃபீஸ் கொடுத்திருப்பீர்கள். இன்றைக்கு அரசாங்கத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்!"