வேன் பேட்டரி இறங்குதா? தண்ணிக் கசிவையும் பாருங்க!

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



காய்கறி ஏற்ற எங்க குழு கடனில் ஒரு பழைய வேன் வாங்கினோம். மழைக்காலத்தில் ரெண்டு நாள் நிறுத்தினால் போதும், வண்டி கிளம்பாது. சந்தை நாளில் காய் வாடும், தவணை நிற்குமா? புது பேட்டரி போட்டோம். அதுவும் இறங்கிருச்சு.

பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கூடவே நின்று பார்த்தோம். எல்லாத்தையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை இணைத்தார். பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கணும், 400 காட்டியது. ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்தோம். உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் குறைஞ்சிருச்சு. மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது.

பின்கதவு ரப்பர் வெடித்து, மழைத்தண்ணி இறங்கி, கதவு சுவிட்ச் துருப்பிடித்திருந்தது. கதவை மூடினாலும், மூட்டை மறைவில் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு!

கசிவைக் கண்டுபிடிக்க, ஒருத்தர் டார்ச்சோடு உள்ளே உட்காரணும். இன்னொருத்தர் வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி ஊற்றணும். கதவின் அடியில் தண்ணி வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்க. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடுங்க. கம்பி சுற்றினால் தீப்பிடிக்கும்.

ரப்பரும் சுவிட்சும் மாற்றியதோடு சரியாப் போச்சு. பேட்டரிக்குக் கொடுத்த பணம்தான் வீண். அதனால் தீர்மான நோட்டில் எழுதி வைத்தோம்: காரணம் தெரியாமல் இனி எந்தப் பொருளும் வாங்குவதில்லை.