வீட்டுக் கம்ப்யூட்டரின் மதகு யார் கையில்?

(சுங்குவார்சத்திரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சில தோழர்கள் சிரித்தார்கள். "கூலி உயர்வு, காண்ட்ராக்ட் முறை, பஸ் வசதி என்று தலைக்குமேல் பிரச்னைகள் கிடக்க, கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் ஓடினால் என்ன, லினக்ஸ் ஓடினால் என்ன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதே ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ஒரு சங்கதியைக் கொண்டு பதில் சொல்கிறேன்.

2006-ல் இங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் ஷிப்டு ஷிப்டாக நின்று கோடிக்கணக்கான செல்போன்களைச் செய்து கொடுத்தார்கள். போனைச் செய்தது நம் பிள்ளைகளின் கை. போனுக்குள் ஓடிய மென்பொருளோ பின்லாந்திலிருந்து வந்தது. அதற்கான பணமும் பின்லாந்துக்குப் போயிற்று. அந்தப் பணத்துக்கு இங்கே வரி பிடித்திருக்க வேண்டும் என்று 2013-ல் வருமான வரி இலாகா சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. கம்பெனி மறுத்தது. வழக்கு வளர்ந்தது, ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. அதே ஆண்டில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் விலை பேசியது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. வரித் தகராறு ஒன்றுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. ஆப்பிள், ஆண்ட்ராய்டு என்ற புது மென்பொருள்களுக்கு முன்னால் நோக்கியா போன் ஏற்கனவே சந்தையில் சரிந்துகொண்டிருந்தது. எப்படிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரக்கு, கண்ணுக்குத் தெரிந்த வேலையைக் கொண்டுபோனதில் பங்கு வகித்தது. நமக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அது என்ன சரக்கு? இந்தப் பக்கத்து ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி உண்டு. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, கீழே வயல்கள் இருக்கின்றன. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று பார்ப்பவர் அவர். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். யந்திரத்தின் சக்தி ஒரு பக்கம். கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைகள் இன்னொரு பக்கம். நடுவில் நின்று பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஒரு கம்பெனியின் நீர்க்கட்டி. அது எப்படிப் பங்கிடுகிறது என்று பார்க்க நமக்கு உரிமை இல்லை. லினக்ஸ் ஊர்ப் பொது நீர்க்கட்டி. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் மூலத்தை எழுதத் தொடங்கினார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 முதலே முயன்றுவந்த ஏற்பாட்டோடு அது சேர்ந்தது. அதில் எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது.

இவ்வளவு நல்ல சரக்கு, அதுவும் இனாம். பின் ஏன் நம் வீடுகளுக்குள் வரவில்லை?

"ஜனங்களுக்கு விவரம் போதாது" என்கிறார்கள் படித்த சிலர். இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரகடத்தில் ரோபோ கையோடு வேலை செய்கிறவனுக்கு லினக்ஸ் புரியாதா? காரணங்கள் வேறு. முதலாவது, நம் ஜனங்களுக்கு விண்டோஸும் இனாம்போலத்தான் வந்து சேருகிறது. புதுக் கம்ப்யூட்டரில் அதன் விலை மொத்த விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பழையதில் கடைக்காரர் திருட்டு நகலைப் போட்டுத் தருகிறார். எனவே 'விலையில்லை' என்ற பெருமை இங்கே செல்லுபடியாகவில்லை.

அடுத்தது நம் சர்க்கார் லேப்டாப் கதை. 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அத்திட்டம் துவங்கியது. ஐந்தாண்டில் 68 லட்சம் மாணவர்களுக்கு என்றார்கள். ஆரம்பத்தில் வந்த யந்திரங்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று சி-டாக் என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் லினக்ஸைக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்'. தமிழ் உள்பட நம் நாட்டு மொழிகளுக்காகவே ஆக்கப்பட்டது அது. பொத்தானை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும். நடந்தது என்ன? பிள்ளைகள் விண்டோஸைத் தொட்டார்கள்; பாஸ் ஒரு மூலையில் கிடந்தது. வாத்தியாருக்குக் கற்பிக்கப்படவில்லை, பரீட்சையில் அதற்கு இடமில்லை, கோளாறு வந்தால் கேட்க ஆளில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வழியைக் காட்டாமல் போனால் யார் அந்த வீட்டுக்குள் போவார்கள்?

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. சில வேலைகளுக்கு லினக்ஸ் இன்றும் இடறுகிறது. பி.காம். முடித்த பெண் இங்கே ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனால் "டேலி தெரியுமா?" என்பார்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. சில பிரிண்டர்களும் தகராறு செய்யும். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி ஒரு குடும்பத்தைத் திண்டாட விடுவது நம் வேலையல்ல.

அப்படியானால் நடக்காத காரியமா? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். பள்ளிப் பாடத்திட்டத்தில் மைக்ரோசாப்ட் சரக்கையே பாடமாக வைத்தபோது அங்கே ஆசிரியர் சங்கம் எதிர்த்துக் குரல் எழுப்பியது. சில ஆண்டுகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முழுக்க லினக்ஸுக்கு மாறியது. முதலில் ஆசிரியருக்குப் பயிற்சி. பிறகு அதற்கேற்ற பாடப்புத்தகம். பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சையும் அதிலேயே. யந்திரம் கெட்டால் பார்க்க மாவட்டந்தோறும் பயிற்சி பெற்ற ஆட்கள். 2019-ல் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் புதுப் பதிப்பைக் கொடுத்தபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கேரளத்தின் 'கைட்' நிறுவனம் கணக்குச் சொன்னது. அங்கே பள்ளியில் படித்த பிள்ளைக்கு லினக்ஸ் அந்நியமில்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர்தான் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியில் முனிச் நகரசபை 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைத்துச் சுமார் 15,000 யந்திரங்களை மாற்றியது. 2017-ல் நகரசபையின் தலைமை மாறியிருந்தது. விண்டோஸுக்கே திரும்புவது என்று ஓட்டுப் போட்டார்கள். யந்திரம் அதேதான், தீர்மானம் போட்டவர்கள் வேறு.

"லினக்ஸ் ஏற்கனவே ஜெயித்துவிட்டதே, ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது அதுதானே?" என்று ஓர் இளம் தோழர் கேட்டார். வாஸ்தவம். நம் சட்டைப் பையில் இருக்கும் போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு, அடியில் லினக்ஸ். ஆலையிலேயே போட்டு அனுப்பினார்கள், எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர் யார்? கூகிள். தன் சரக்குகளைப் போன் கம்பெனிகள்மேல் திணித்தது என்று 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஊர் நீர்க்கட்டியையே ஒரு மிராசுதார் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட மாதிரி! வீட்டுக்குள் வருவதும் வீட்டுக்காரனுக்கு உரிமையாவதும் வேறு வேறு என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

மதகு அந்நியன் கையில் இருந்தால் ஒரு நாள் மூடவும் செய்வான். 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியனின் தடையைக் காட்டி, குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் சேவைகளை நிறுத்தியது. டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போன பிறகு திறந்துவிட்டது. பெரிய கம்பெனி, கோர்ட்டுக்குப் போயிற்று. நாம் எங்கே போவது?

நமக்கும் அது வந்தாகிவிட்டது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. ஏதோ நிபந்தனைகளோடு ஓராண்டு தவணை கொடுத்திருக்கிறது. விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய யந்திரங்களில் இல்லை. 2012-லும் 2015-லும் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்புகள் பரணில் கிடக்கின்றன. பாட்டரி போயிருக்கலாம், மற்றபடி பல நன்றாகவே இருக்கின்றன. எடைக்குப் போடச் சொல்கிறார்கள். அவற்றில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டால் பாடம் படிக்க, விண்ணப்பம் நிரப்ப, சங்கக் கணக்கு எழுதத் தாராளமாக ஓடும். தமிழில் அடிக்கலாம். 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு என்று மறுபடி அறிவித்திருக்கிறார்கள். அதில் லினக்ஸ் இருக்கட்டும் என்று கேட்பதோடு நிற்காமல், வாத்தியாருக்குப் பயிற்சியும் பரீட்சையில் இடமும் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 2011 கதைதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க ஆபீசில் நாலைந்து இளைஞர்கள் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். காசு வேண்டாம். டேலி வேலைக்குப் போகும் பிள்ளைகள் விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கொண்டுவருமுன் கல்யாணப் போட்டோ, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். சார்ஜரை மறந்துவிட்டு வராதீர்கள். ஆபீசில் இருப்பது ஒன்றுதான், அதுவும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.