மாற்று இதயத்திலும் அடைப்பு வருவதேன்?

1968 ஜனவரி 2-ஆம் நாள் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட், பல் மருத்துவர் பிலிப் பிளைபெர்க்குக்கு 24 வயது இளைஞர் ஒருவரின் இதயத்தைப் பொருத்தினார். 19 மாதங்கள் வாழ்ந்து, 1969 ஆகஸ்டில் அவர் மறைந்தார். பிரேதப் பரிசோதனையில், அந்த இளம் இதயத்தின் இரத்தக் குழாய்கள் கடுமையாக அடைபட்டிருக்கக் கண்டனர்.

காரணம் என்ன? நம்மை நோயினின்று காக்கும் அதே வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் புது இதயத்தை அந்நியமாகக் கருதி, குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. புண் ஆறும்போது சுவர் தடித்து, குழாய் நெடுகிலும் ஒடுங்குகிறது. இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவை தீங்கைக் கூட்டுகின்றன. இரத்த ஓட்டமின்றி இதயம் காத்திருக்கும் நேரமும் அதைப் பாதிக்கிறது.

மாற்றும்போது நரம்புகள் அறுபடுவதால், பலருக்கு நெஞ்சுவலி தோன்றுவதே இல்லை. ஆகவே, வலியில்லை என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. குறித்த காலத்தில் ஆஞ்சியோகிராம் முதலிய பரிசோதனைகள், நாள் தவறாத மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, புகையை அறவே விடுதல் ஆகியவையே காப்பு.

யாரோ ஒரு குடும்பம் கண்ணீரோடு தந்த இதயம் அது. அதைப் பேணுவது பெற்றவருக்கு மட்டுமன்று, உடனிருக்கும் நம் அனைவருக்கும் கடமை.