பேரூரில் நாற்றும் பெரியபுராணத்தில் கூத்தும்

திருச்சிற்றம்பலம்.



காஞ்சிமாநதிக் கரையில், மேலைச் சிதம்பரம் என்று போற்றப்பெறும் இத்திருப்பேரூரில் நின்று பேசும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது திருவருட் செயலேயாம். இங்கு விரிவுரைக்கு வருவோரிடம் அன்பர்கள் தவறாது வினவும் ஒரு வினா உண்டு. “பட்டிப்பெருமான் பள்ளராய் வயலில் நாற்று நட்ட வரலாறு பெரியபுராணத்தில் எவ்விடத்தில் வருகின்றது?” என்பதே அது.

பெரியபுராணத்தில் அது வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கச்சியப்ப முனிவர் அருளிய பேரூர்ப் புராணத்தில்தான் வருகின்றது. ஆனித் திங்களில் நாற்று நடவு விழாக் கண்டு உருகும் நமக்கு இவ்விடை சற்றே ஏமாற்றமாய் இருக்கலாம். அதனை மறைத்து, “சேக்கிழார் சொல்கின்றார்” என்று முழங்கிவிடுவது எம்மனோர்க்கு எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுமிடத்தில், சொன்னது மறைந்து போகின்றது.

அவர் சொன்னதுதான் யாது? ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில், கொங்குநாடு போந்த நம்பியாரூரர் திருப்பேரூரை அணைகின்றார். தில்லையில் தாம் கண்ட திருக்கூத்தையே இம்மன்றிலும் காண்கின்றார். கண்டு உருகியவருக்கு மீண்டும் தில்லைக்குச் செல்லும் வேட்கை மீதூர்கின்றது. தில்லை சேர்ந்து அங்குப் பாடும்போது பேரூர்ப் பெருமானை நினைந்து பாடுகின்றார்.

இச்செய்தி சேக்கிழார் பெருமானுக்கு எங்ஙனம் கிடைத்தது? சுந்தரர் தேவாரத்தில் பேரூருக்கெனத் தனிப்பதிகம் இன்று நமக்கு இல்லை. ஆனால் தில்லைப் பதிகம் ஒன்றின் இறுதிப் பாட்டில், மேலைக் கொங்கும் காஞ்சிநதியும் இவ்வூர்ப் பெயரும் ஒருங்கே வருகின்றன. தில்லையில் நின்று பாடுபவர் கொங்குநாட்டுப் பெருமானை ஏன் நினைக்க வேண்டும்? முன்னே இங்குக் கண்டதை அங்குக் கண்டமையால் என்பதே புராணம் தரும் விடை. ஒரு பாட்டில் நின்ற ஓர் ஊர்ப்பெயர்க்கு இடமும் காலமும் காரணமும் காட்டுகின்ற நுட்பம் இது. சேக்கிழாரைக் கவிஞர் என்று மட்டும் புகழ்வோர், அவர் தேவாரத்திற்கு வாய்த்த தலைசிறந்த உரையாசிரியரும் ஆவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இங்ஙனம் கற்கும் நெறியை நமக்குத் துறைதோறும் காட்டிச் சென்றவர் நம் கோவை நகரத்து வழக்கறிஞர், சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் அவர்கள் (1878–1961). நான்காயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு ஏழு பகுதிகளாக அவர் கண்ட பேருரை, பாட்டின் பொருளோடு நின்றுவிடுவதில்லை. பதிகம் வருமிடத்துப் பதிகக் குறிப்பு, தலம் வருமிடத்துத் தல விசேடம் என்று சான்றுகளை நிரல்பட வைக்கின்றது. செவிவழிச் செய்தியை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. அத்தொழிலில் பழகிய கண் புராணத்திலும் உதவிற்றுப் போலும்!

அவர் உரை எழுதிவந்த காலம் அமைதியான காலம் அன்று. 1943ஆம் ஆண்டில், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிலிட வேண்டும் என்ற குரல் நாட்டில் எழுந்தது. அறிஞர் அண்ணாதுரையோடு இரா. பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மேடையேறி வாதிட்டனர். ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் அவ்வாதம் நூலாகவும் வந்தது. பிள்ளையை அறுத்துக் கறி சமைத்த சிறுத்தொண்டரையும், மனைவியைக் கொடுத்த இயற்பகையாரையும் குறித்து எழுந்த வினாக்கள் இன்றும் எழுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளே வினவுகின்றனர். வினவும் பிள்ளையை நாத்திகன் என்று அதட்டுவதால் ஒரு பாட்டும் விளங்கிவிடாது. மேடை வாதம் முடிந்தது. கோவையில் ஒருவர் பாட்டுப் பாட்டாய் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவ்வுரையில் ‘கற்பனை’ என்றொரு தலைப்பு வரும். இன்று அச்சொல்லைக் கேட்டால் புனைந்துரை என்றே பலரும் கொள்வர். அவர் கருதியது கற்கத்தக்கவை என்பது. அடியார் செயலில் நாம் கைக்கொள்ளத்தக்கது யாது, அவர்க்கே உரியதாய் நாம் வணங்கி நிற்கத்தக்கது யாது என்று பிரித்தறிய அப்பகுதிகள் பெரிதும் துணை செய்யும். சிறுத்தொண்டர் புராணத்தைப் பிள்ளைக்குச் சொல்லும் முன், தாய்மார்கள் அவ்வுரையை ஒருமுறை தாமே படித்துக்கொள்வது நலம்.

நாற்று நட்ட கதையைக் கைவிட வேண்டுமோ என்று யாரும் அஞ்ச வேண்டா. உழவர் நிறைந்த நொய்யற் கரையில் இறைவனை வயலில் இறக்கிக் கண்ட அன்பு பெரிது. அது கச்சியப்ப முனிவர் வழி வந்த செல்வம். திருக்கூத்துக் கண்டது சேக்கிழார் வழி வந்த செல்வம். அவரவர் பெயரிலேயே அவற்றைப் போற்றுவோம்.

அடுத்து ஓதுவார் அவர்கள் அத்தில்லைப் பதிகத்தைப் பாட இருக்கின்றார்கள். இறுதிப் பாட்டு வரும்வரை யாரும் எழுந்து செல்லாதீர்கள். நம் ஊர்ப்பெயர் அங்கேதான் வருகின்றது.

திருச்சிற்றம்பலம்.