பச்சோந்தியின் கூட்டிற்கு ஏற்ற செடிகள்



பச்சோந்தி என்றதும் நம்மிற் பலருக்கு நிறம் மாறும் மனிதரே நினைவுக்கு வருவர். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அந்தப் பிராணியின் பெயர் அவ்வளவு தூரம் அடிபட்டுவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ உண்மையான பச்சோந்தியைப் பற்றி. அதிலும், அதனைக் கூட்டில் வைத்து வளர்ப்போர் அக்கூட்டினுள் எவ்வகைச் செடிகளை வைக்கலாம், எவற்றை வைக்கலாகாது என்பதைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நமது வேலிகளில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானைச் சிலர் பச்சோந்தி என அழைப்பதுண்டு. அது வேறு, இது வேறு. தனித்தனியே சுழலும் கண்களும், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோலக் கிளையைப் பற்றும் விரல்களும், நெடுந்தூரம் பாய்ந்து இரையைக் கவரும் நாவும் உடையதே பச்சோந்தி. இலங்கையில் அதன் இனம் ஒன்றே உண்டு. வறண்ட நிலத்துப் பற்றைகளில் அரிதாகக் காணப்படும் அது பாதுகாக்கப்பட்ட பிராணியாகும். ஆகவே இப்பேச்சைக் கேட்டுவிட்டு எவரும் பற்றைகளைக் கிளறப் புறப்பட வேண்டாம். நான் சொல்லப்போவது, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கூடுகளிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து பெருக்கப்படும் யெமன் நாட்டுப் பச்சோந்தியையும் மடகாஸ்கர்த் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியையும் பற்றியது. அந்நாடுகளில் வாழும் நம்மவர் சிலரின் வீடுகளிலும் இவை இன்று புகுந்துவிட்டன.

ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையின் மகன் அத்தகையோருள் ஒருவன். சென்ற ஆண்டு ஒருநாள் காலை, நமக்கு மாலை, அவன் பதறிய குரலில் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, செவ்வரத்தை நஞ்சுச் செடியா?" என்பதே அவன் முதற் கேள்வி. கோயிலுக்குப் பறிக்கும் பூ, தேநீராக வடித்துக் குடிக்கும் பூ. அதைப் போய் நஞ்சு என்கிறானே என்று நான் வியந்தேன். பின்னரே நடந்ததைச் சொன்னான். முதல்நாள் மாலை கடையொன்றிலே நன்கு பூத்திருந்த செவ்வரத்தைச் சாடி ஒன்றை வாங்கிவந்து, தனது யெமன் பச்சோந்தியின் கூட்டில் வைத்திருக்கிறான். இரைக்காகச் சில்வண்டுகள் சிலவற்றையும் உள்ளே விட்டிருக்கிறான். விடிந்து பார்க்கும்போது, இலைகளைக் கடித்திருந்த சில்வண்டுகள் சாடியின் அடியில் மல்லாந்து கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன. பெட்டியில் மீந்திருந்த சில்வண்டுகளுக்கோ ஒரு குறையுமில்லை.

அச்சாடியை உடனே வெளியே எடுக்குமாறும், செத்தனவும் சாகாதனவுமான சில்வண்டுகளையெல்லாம் பொறுக்கிவிட்டுப் பிராணியை மருத்துவரிடம் கொண்டுசெல்லுமாறும் சொன்னேன். அது பிழைத்துக்கொண்டது. இலையையும் தொடாது, அந்தச் சில்வண்டுகளையும் தின்னாது இருந்தமை அதன் நல்லூழ்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், செவ்வரத்தை நஞ்சுச் செடி அன்று என்பதே. பச்சோந்தி வளர்ப்போர் கைமாற்றிக்கொள்ளும் பட்டியல்களில் முதல் வரிசையில் நிற்பது அதுதான். என் மருமகனும் பட்டியலைப் பார்த்தே வாங்கினான். செடி நல்லது, அதற்கு ஊட்டப்பட்டதே தீயது. விற்பனைக்கு வளர்க்கப்படும் அலங்காரச் செடிகளுக்கு வேரின் வழியாக உறிஞ்சப்பட்டு இலை, தண்டு, பூ எங்கும் பரவும் பூச்சிகொல்லிகளை இடுவதுண்டு. நிக்கொட்டினை ஒத்த அமைப்புடைய இமிடாகுளோபிரிட் போன்றவை 1990களில் வந்து உலகெங்கும் பரவியவை. இவை இலையின் மேலே படிந்திருப்பவை அல்ல, உள்ளே ஓடுபவை. எத்தனை முறை கழுவினும் போகா. சாடிச் செடியில் மாதக்கணக்கில் தங்கி நிற்கும். சில்வண்டைக் கொல்லும் அளவு பச்சோந்தியைக் கொல்லுமா என்பது வேறு கேள்வி. நஞ்சுண்ட சில்வண்டுகளை ஒவ்வொரு நாளும் விழுங்கும் பிராணியிடம் அக்கேள்வியைச் சோதித்துப் பார்க்க எவரும் விரும்பார்.

ஆகவே கூட்டிற்குச் செடி தேடுவோர் அதன் பெயரைக் கேட்பதோடு நில்லாது, அதன் வரலாற்றையும் கேட்க வேண்டும். யார் வளர்த்தார், எதை இட்டார்? கடைக்காரருக்கு விடை தெரியாவிடின், மருந்து தெளிக்காத நண்பர் வீட்டுச் செடியிலிருந்து ஒரு தண்டைப் பெற்று நட்டு வளர்ப்பதே நலம். செவ்வரத்தைத் தண்டு ஈரமண்ணில் வேர்விடும். மணிபிளாண்ட் என்று நாம் அழைக்கும் கொடி வெறும் தண்ணீரிலேயே வேர்விடும். பொறுமை ஒன்றே செலவு.

இவ்வளவு கவலை ஒரு செடிக்காகவா என்று நேயர்கள் கேட்கக்கூடும். பச்சோந்தியின் கூட்டில் செடி அலங்காரப் பொருள் அன்று. அப்பிராணி, கிண்ணத்தில் தேங்கிநிற்கும் நீரைப் பெரும்பாலும் நீரென்றே அறிந்துகொள்வதில்லை. இலையில் திரண்டு பளபளக்கும் துளியைக் கண்டாற்றான் அதன் தாகம் விழிக்கும். ஆகவே இலையே அதற்குக் குவளை. அன்றியும், ஒளிந்துகொள்ள இடமின்றி எல்லோர் கண்ணிலும் படும்படி இருத்தப்பட்ட பச்சோந்தி அச்சத்தினாலேயே நலிந்துபோகும். வெயில் காய்வதற்கும் நிழலுக்கு நகர்வதற்கும் அதற்கு இடம் வேண்டும். சிறுத்தைப் பச்சோந்தியைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உணவில் விற்றமின் டீ3 குறைந்தவை கழியூதாக் கதிரை அதிகமாக நாடின. அது மிகுந்தவை ஒதுங்கிக்கொண்டன. தனக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை அளந்துகொள்ளும் பிராணிக்கு, ஒதுங்கும் நிழலை அளிப்பது இலைதானே? இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம் கொண்ட வலைக்கூட்டில் மேற்பகுதியின் ஒரு மூலையை விளக்கொளிக்குத் திறந்துவிட்டு, ஏனைய இடத்தை இலையால் அடர்த்தியாக்குவது நன்று. விளக்கைத் தொடும் கிளையை மட்டும் தறித்துவிட வேண்டும். முதுகு சுட்டுப்போனாலும் விலகத் தெரியாது அங்கேயே அமர்ந்திருக்கும் பேதமையும் அதற்குண்டு.

யெமன் பச்சோந்தி இன்னொன்றும் செய்யும்: இலையையே தின்னும். பச்சோந்திகளுள் பெரும்பாலானவை பூச்சியுண்ணிகள். இதுவோ இலை, மொட்டு, பூ அனைத்தையும் கடித்துப் பார்க்கும். சிறுத்தைப் பச்சோந்தியிடம் இவ்வழக்கம் மிகக் குறைவு. ஆகவே ஒன்றின் கூட்டிற்குத் தகுந்த செடி மற்றொன்றின் கூட்டிற்குத் தகாது போகலாம்.

இனி, செடிகளைப் பார்ப்போம். செவ்வரத்தைக்கே நான் முதலிடம் தருவேன். இலையையும் பூவையும் அச்சமின்றித் தின்ன விடலாம். ஆனால் அது வெயிலை விரும்பும் செடி, கூட்டினுள் வாடும். இரண்டு சாடிகளை வைத்து, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றதைச் சன்னலோரத்தில் தேறவிட்டு மாற்றி மாற்றி வைப்பதே வழி. அடுத்து, ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனத்ததாகிய பைக்கசு பெஞ்சமினா. அது மெல்லிய கிளைகள் நிறைந்தது. விரல்கள் பற்றுவதற்கு ஏற்றது. முறித்தால் பால் வடியும். அப்பால் சிறிது எரிச்சல் தரும். எனவே கிளை தறித்தபின் பால் காயும்வரை வெளியே வைத்திருப்பது நல்லது. தாய்வான் முதலிய இடங்களிலிருந்து வந்த, குடைபோல் இலை விரிக்கும் செப்ளெரா என்ற சிறு மரமும் உறுதியான கொம்புகளைத் தரும்.

மணிபிளாண்டைப் பற்றித்தான் வாதம் மிகுதி. மங்கலான ஒளியிலும் வளரும், அகன்ற மெழுகுபோன்ற இலையில் துளி அழகாகத் திரளும். ஆயினும் அது சேம்பின் குடும்பத்தது. சேம்பிலையும் கருணைக்கிழங்கும் சரியாக வேகாவிடின் நாவிலும் தொண்டையிலும் அரிப்பதை நாமறிவோம். ஊசி வடிவான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளே அதற்குக் காரணம். அவை மணிபிளாண்டிலும் உண்டு. நெடுங்காலமாக இதனைக் கூட்டில் வைத்தோர் பலர், கொறிக்கப்பட்ட இலைகளைக் கண்டும் தீங்கு காணவில்லை என்பர். அவர் கூற்றை நான் மறுக்கவில்லை. சிறுத்தைப் பச்சோந்தியின் கூட்டிற்கு அதனைத் தயங்காது வைப்பேன். யெமன் பச்சோந்திக்கு, தின்னத்தக்க வேறு இலை அருகில் இருந்தால் மட்டுமே வைப்பேன். அதே குடும்பத்து டீபன்பக்கியாவை எதற்கும் வைக்கேன். வெண்புள்ளி இலையுடன் நம் விறாந்தைகளிலும் நிற்கும் அச்செடியை மென்றவருக்கு நா வீங்கிப் பேச்சே எழாது போவதால், ஆங்கிலேயர் அதற்கு ஊமைக் கரும்பு என்ற பொருளில் பெயரிட்டனர்.

அலரியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. செவ்வலரியாயினும் மஞ்சள் அலரியாயினும் அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும் என்பதை நம் நாட்டு வைத்தியசாலைகளைப் போல் அறிந்தவை சிலவே. எருக்கலையும் அவ்வகையினதே. கள்ளியினத்தின் பாலோ கண்ணிற் பட்டால் கடும் புண்ணாக்கும். தலைக்கு வெளியே துருத்திய கண்களையுடைய பிராணிக்கு அது எத்தகைய இடர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பெயர்களை நம்பி ஏமாறுவதும் உண்டு. மல்லிகையினத்துக் கொடி தீங்கற்றது என்று படித்த ஒருவர், வட அமெரிக்காவில் மஞ்சள் மல்லிகை என வழங்கும் கெல்சேமியத்தை வாங்கிவிடலாம். அதற்கும் மல்லிகைக்கும் உறவில்லை; கொடிய நஞ்சுடையது. எனவே தாவரவியற் பெயரைக் கேட்டு வாங்குவது வீண் பகட்டு அன்று. மேலும், இணக்கமற்ற பட்டியல்களைக் கண்டு திகைப்போருக்கு ஒரு சொல்: அவற்றுட் பல, நாய், பூனை, குதிரை ஆகியவற்றிற்கு நேர்ந்ததைக் கொண்டு எழுதப்பட்டவை. பச்சோந்தியின் வயிறு பூனையின் வயிறன்று. ஐயத்திற்குரிய செடியை விட்டுவிடுவதால் இழப்பொன்றுமில்லை, செடிகளுக்கா பஞ்சம்?

சாடியின் மண்ணையும் மறக்கலாகாது. கடைச் சாடிகளில் மெல்லக் கரையும் உர மணிகளும் பேர்லைற்று என்ற வெண்துணுக்குகளும் கலந்திருக்கும். மண்ணில் ஊரும் புழுவை நோக்கிப் பாயும் பசையுள்ள நா அவற்றையும் வாரிச் செல்லும். வாங்கியவுடன் வேரை அலசி, உரமற்ற மண்ணில் மாற்றி நட்டு, பச்சோந்தியின் தலையினும் பெரிய கூழாங்கற்களால் மேற்பரப்பை மூடுவது முறை. பெண் பச்சோந்தியாயின் இன்னுமொரு காரணமுண்டு. ஆணைக் காணாமலே முட்டையிடும் இயல்பு யெமன் இனத்துப் பெண்ணுக்கு உண்டு. கிண்டுவதற்குத் தகுந்த ஈரமணல் வேறாக இல்லாவிடின் அது சாடியைத்தான் கிண்டும். கிண்ட இடமே கிடையாவிடின், முட்டை வெளிவராமல் உயிரையே இழக்கவும் கூடும். ஓரடி ஆழமுள்ள ஈரமணற் பெட்டி ஒன்று அதற்கென்று இருத்தல் வேண்டும்.

கோடையில் செடிகளை வெளியே வைத்து வெயில் காட்டுவோர், திரும்ப உள்ளே எடுக்கும்போது இலைகளை உதறிப் பார்க்க வேண்டும். அமெரிக்க மின்மினி ஒன்றைத் தின்ற அவுஸ்திரேலியத் தாடிப் பல்லிகள் மாண்டதை 1999ஆம் ஆண்டில் ஆய்வாளர் எழுதினர். செடியோடு ஒட்டிவரும் பூச்சி எல்லாம் இரையாகிவிடாது.

என் மருமகன் அந்தக் கடைச் சாடியை எறிந்துவிட்டான். நண்பர் ஒருவரின் சன்னலோரச் செடியிலிருந்து மூன்று தண்டுகளைப் பெற்று நட்டான். ஒன்று பட்டுப்போயிற்று, இரண்டு வேர்விட்டன. இவ்வாண்டு வைகாசியில் அவற்றுள் ஒன்றைக் கூட்டினுள் வைத்ததாகவும், விடியலில் நீர் தூவியதும் பச்சோந்தி இறங்கிவந்து முதலில் ஓர் இலையின் நுனியிலிருந்த துளியைக் குடித்துவிட்டு, பின் அந்த இலையையே தின்றுவிட்டதாகவும் சென்ற கிழமை எழுதியிருந்தான்.