பனி விழுறதுக்கு முன்னாடியே டயரை மாத்துங்க

புதுக்கோட்டையில இருந்து பேசுறேன். மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டை இல்ல. தூத்துக்குடி–திருநெல்வேலி ரோட்டுல இருக்குற எங்க புதுக்கோட்டை. இங்க டயருக்கு எதிரி வெயில்தான். ஆனா இந்த எபிசோடு, நம்ம பக்கத்துல இருந்து கனடாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போய், பழைய கார் ஒண்ணு வாங்கி, முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போறவங்களுக்கு.

வின்டர் டயர்னா பனிக்கு மட்டும்னு பலபேர் நினைக்கிறாங்க. உண்மையில அது குளிருக்கான டயர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனாலே சாதாரண டயரோட ரப்பர் இறுக ஆரம்பிச்சிரும். ரோடு காஞ்சு கிடந்தாலும் பிடிப்பு குறையும், பிரேக் போட்டா வண்டி நிக்க அதிக தூரம் ஆகும்.

குளிர்ல ரப்பர் என்ன ஆகும்னு உலகமே பார்த்தது 1986-ல. அந்த வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு 7 பேர் இறந்தாங்க. விசாரணையில இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு ரப்பர் வளையத் துண்டைக் கிளாம்புல இறுக்கி ஐஸ் தண்ணிக்குள்ள போட்டு எடுத்தார். கிளாம்பைக் கழட்டுன பிறகும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பல. உங்க டயரும் ரப்பர்தான்.

அதனால டயரை மாட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

முதல்ல, டயரைக் குளிர்ல இருந்து உள்ள கொண்டு வாங்க. மைனஸ் 15-ல பால்கனியில கிடந்த டயரை நேரா மெஷின்ல வச்சு ரிம்முல ஏத்துனா, ஓரத்துல இருக்குற இறுகிப்போன ரப்பர் கிழியலாம், வெடிப்பு விடலாம். முந்தின நாளே வீட்டுக்குள்ளயோ சூடான கராஜ்லயோ வச்சிருங்க. கழட்டி எடுத்து வைக்கிற கோடைக்கால டயருக்கும் இதே கவனம் வேணும்.

ரெண்டாவது, டயரைப் பாருங்க. பக்கவாட்டுல மூணு சிகர மலைக்குள்ள ஒரு பனித்துகள் படம் இருக்கணும். டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச தேதி. 2321-னா 2021-ஆம் வருஷத்தோட 23-ஆவது வாரம். நம்ம பஞ்சர் கடை அண்ணாச்சி ‘பட்டன்’னு சொல்லுவாரே, அது 4 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா பனியில ஓட்டாதீங்க. செலவு மிச்சம்னு ரெண்டு மட்டும் வாங்கி முன்னாடி மாட்டாதீங்க. திரும்பும்போது பின்பக்கம் வழுக்கிட்டுப் போகும். நாலும் ஒரே மாதிரி வேணும்.

மூணாவது, மாட்டுறது. வீல் உக்கார்ற இடத்துல துரு இருந்தா கம்பி பிரஷ்ஷால தேச்சு எடுங்க. அங்க உப்பை ரோட்டுலயே கொட்டுறாங்க. உப்பு இரும்பை என்ன பண்ணும்னு உப்பளத்துக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. நட்டை வரிசையா இறுக்காம எதிரெதிரா இறுக்குங்க. கடைசி இறுக்கு டார்க் ரெஞ்ச்ல, கார் கையேட்டுல உள்ள அளவுக்கு. 100 கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி சரிபாருங்க.

நாலாவது, காத்து. வெப்பம் 5, 6 டிகிரி குறையக் குறைய, சுமார் 1 பிஎஸ்ஐ அழுத்தம் குறையும். 20 டிகிரி கராஜ்ல 33 வச்சுட்டு மைனஸ் 15-ல வெளிய நிறுத்துனா, 27 பக்கம்தான் காட்டும். ஓட்டாம நின்ன வண்டியில, வெளிக் குளிர்ல வச்சே அளந்து, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு அடிங்க.

கியூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். டொராண்டோ இருக்குற ஒன்டாரியோவுல எல்லாருக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்ல. ஆனா 2016-ல இருந்து இன்சூரன்ஸ்ல தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்க.

முதல் பனி விழுந்த அன்னைக்கு டயர் கடையில கூட்டம் அள்ளும். அக்டோபர் கடைசியிலயே நேரம் குறிச்சு வச்சிருங்க. உங்க வீட்டுல இருந்து யாராவது அங்க போயிருந்தா, ‘சாப்டியா’ன்னு கேக்குற அதே போன்ல ‘டயர் மாத்திட்டியா’ன்னும் கேட்டுருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.